முதலில் வெட்டு, பிறகு சித்திரம்



ஒரு கிளியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். காரைக்குடியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கண்டரமாணிக்கத்தில், பழைய நகரத்தார் வீடு ஒன்றின் நிலைக்கதவில் அது இருக்கிறது. பர்மாத் தேக்கில் செதுக்கிய கிளி. வீட்டுக்கு உரியவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் காலையில் வந்து கதவைத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் போவார். மற்றபடி அந்த வீட்டில் அசைகிற பொருள் என்று எதுவும் இல்லை. முற்றத்து வெயிலைத் தவிர.

அந்த ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் சென்ற ஆண்டு அங்கே ஒரு குறும்படம் எடுத்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் ஒரு சிறுவன் நுழைகிறான். கதவுக் கிளி உயிர் பெற்றுப் பறக்கிறது. அவனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறது. முடிவில் ஒரு கொய்யாப்பழத்தை அவன் கையில் போட்டுவிட்டு மறுபடியும் மரமாகிவிடுகிறது. சிறுவனும் வீடும் கைப்பேசியில் எடுத்த நிஜக் காட்சிகள். கிளியும் பழமும் கையால் வரைந்த சித்திரங்கள். நல்ல கதைதான். எனக்கும் மிகவும் பிடித்திருந்தது.

கிளியை வரைந்தவர் பதினோராம் வகுப்பில் படிக்கும் மாணவி. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கும் என்னிடம் வந்து, "சார், எத்தனை படம் வரையணும்?" என்று கேட்டார். நான் பெரிய அறிவாளியைப் போல, "கதை முழுவதற்கும் வரைந்துவிடம்மா, பிறகு தொகுக்கும்போது வேண்டாததை வெட்டிக்கொள்ளலாம்" என்றேன். காலாண்டு விடுமுறை முழுவதும், அதற்குப் பிறகு பல மாலைகளும் உட்கார்ந்து அவர் 648 தாள்கள் வரைந்தார். நொடிக்கு 12 சித்திரம் என்ற கணக்கில் அது 54 நொடிப் படம். தொகுத்து முடித்தபோது படத்தில் நின்றது 21 நொடி. அதாவது 252 தாள்கள். மீதி 396 தாள்களும் வீண். ஒரு தாளுக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 33 மணி நேர உழைப்பு!

படத்தைத் திரையிட்ட அன்று அந்த மாணவி வரவில்லை. தவறு என்னுடையது. அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படத்தொகுப்பு என்பது கடைசியில் செய்யும் வேலை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாக் காட்சிகளையும் எடுத்து முடித்து, அவற்றை வரிசையாக ஒட்டி, நடுவில் தேவையற்றதைக் கத்தரிப்பது. நடிகர்கள் மட்டும் வரும் படத்துக்கு இது ஓரளவு சரி. ஆனால் நடிப்பும் சித்திரமும் கலந்த படத்துக்கு இது முற்றிலும் தவறு என்பது என் கருத்து. அங்கே முதலில் வெட்ட வேண்டும். பிறகுதான் வரைய வேண்டும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கைப்பேசியில் ஒரு சிறுவன் ஓடி வருவதை எடுக்கிறோம். சரியாக வரவில்லையென்றால், "மறுபடியும் ஓடி வாடா" என்கிறோம். நாலு தடவை எடுத்து ஒன்றை வைத்துக்கொள்கிறோம். மற்ற மூன்றையும் தூக்கி எறிந்தால் நஷ்டம் சில நிமிடங்கள்தான். படச்சுருள் இருந்த காலத்திலாவது நொடிக்கு ஒன்றரை அடி சுருள் வீணாகிறதே என்று வயிறு எரிந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை. சித்திரம் அப்படிப்பட்டதல்ல. அங்கே ஒவ்வொரு நொடியும் 10, 12 தாள்கள். ஒரு நொடியைக் கத்தரித்தால் ஒரு மணி நேரம் குப்பைக்குப் போகிறது. ஆகவே சித்திரத்தில் வேண்டியதை மட்டும் வரைய வேண்டும். வேண்டியது எது என்று தெரிய வேண்டுமானால், தொகுப்பு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பெரிய படங்களை எடுப்பவர்கள் இதை நன்றாக அறிந்திருக்கிறார்கள். 1988இல் அமெரிக்காவில் 'ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்' என்ற படம் வந்தது. இயக்கியவர் ராபர்ட் ஜெமெக்கிஸ். சித்திரப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர் ரிச்சர்டு வில்லியம்ஸ். மனிதத் துப்பறிவாளர் ஒருவரும் கார்ட்டூன் முயல் ஒன்றும் படம் முழுக்கச் சேர்ந்தே வருவார்கள். துப்பறிவாளராக நடித்த பாப் ஹாஸ்கின்ஸ் வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு நடித்தார். முயல் நிற்கும் உயரத்தில் அவருடைய கண்கள் நிலைக்க வேண்டும் என்பதற்காக ரப்பர் பொம்மையை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். நடிகர்களை எடுத்து முடித்ததும் அந்தக் காட்சிகளைத் தொகுத்தார்கள். எந்தக் காட்சி எத்தனை நொடி என்று முடிவான பிறகே, படச்சட்டம் படச்சட்டமாகப் பெரிய அச்சுகள் எடுத்து, அவற்றின் மேல் தாளை வைத்து முயலை வரைந்தார்கள். அதாவது, முயலே இல்லாத முயல் படத்தை ஒருவர் தொகுத்தார்! ஆர்தர் ஷ்மிட் என்ற அந்தத் தொகுப்பாளருக்கு அவ்வாண்டின் படத்தொகுப்புக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. தகுதியான பரிசுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன், 1940களில் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். பின்னர் ஸ்டூடியோ சென்னைக்குப் போயிற்று. அதே ஏவி.எம். நிறுவனம் 1989இல் எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் 'ராஜா சின்ன ரோஜா'வை வெளியிட்டது. ரஜினிகாந்தும் குழந்தைகளும் காட்டுக்குள் சித்திர விலங்குகளோடு சேர்ந்து வரும் ஒரு பாட்டு அதில் உண்டு. நடிகரும் கார்ட்டூனும் ஒரே திரையில் தோன்றிய நம் நாட்டு முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று.

அது ஏன் ஒரு பாட்டாக வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? குழந்தைகளுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். எனக்குத் தோன்றுகிற இன்னொரு காரணம், நம் சினிமாவில் பாட்டை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகுதான் படம் எடுக்கிறார்கள் என்பது. எந்த அடி எத்தனை நொடி, எங்கே தாளம் விழுகிறது என்பதெல்லாம் காமிராவைத் தொடும் முன்பே முடிவாகிவிடுகிறது. பாதித் தொகுப்பை இசையே செய்து கொடுத்துவிடுகிறது! சித்திரக்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இதற்கு நேர்மாறான கதையும் மெய்யப்பனிடம் உண்டு. 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகியின் பாடல்களுக்கு, படம் எடுத்து முடிந்த பின்னர் பி. ஏ. பெரியநாயகியின் குரலை இணைத்தார். நடிகர் படத்தில் அப்படிப் பின்னால் போய்த் திருத்த முடிந்தது. கையால் வரைந்த சித்திரத்தில் அந்தச் சலுகை கிடையாது. உதட்டசைவை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் தாளும் பென்சிலும்தான்.

சரி, கண்டரமாணிக்கத்துக்குத் திரும்புவோம். நம் பிள்ளைகளின் படத்தில் வீணான தாள்கள் ஒரு பக்கம். திரையில் நின்ற 21 நொடிகளும் சரியாக இல்லை என்பது இன்னொரு பக்கம். வளவில் வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையிட்டார்கள். கிளி பழத்தைப் போடும் இடம் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆச்சி சிரித்துவிட்டார். "பழம் விழுகுறாப்புல இல்லையே தம்பி, கயித்துல கட்டி எறக்குறாப்புல இருக்கே!" என்றார்.

இயற்பியல் படித்தவன் நான். ஆனால் கோளாற்றைச் சரியாகச் சொன்னவர் ஆச்சிதான். தூணின் உச்சியிலிருந்து சிறுவனின் கை வரை ஏறத்தாழ 3 மீட்டர். அதை 24 சமப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு தாளிலும் பழத்தை ஒரு பங்கு கீழே இறக்கி வரைந்திருந்தார்கள். சமமான நேரத்தில் சமமான தூரம் என்றால் அது சீரான வேகம். கிணற்றில் வாளி அப்படி இறங்கும். கையிலிருந்து நழுவிய பழம் அப்படி இறங்காது. சம நேரங்களில் விழும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் வளரும் என்று கலிலியோ கண்டறிந்ததை வகுப்பில் படித்திருப்பீர்கள். நொடிக்கு 10 சித்திரம் என்று வைத்துக்கொண்டால், முதல் சித்திரத்துக்குள் பழம் 4.9 சென்டிமீட்டர் இறங்கும், அடுத்ததில் 14.7, அதற்கடுத்ததில் 24.5, பிறகு 34.3. மூன்று மீட்டரைக் கடக்க 0.8 நொடிகூட ஆகாது. எட்டே சித்திரங்கள் போதும். நாங்கள் 24 வரைந்து, இரண்டு நொடி எடுத்துக்கொண்டு, பழத்தின் எடையையே பிடுங்கிவிட்டோம்.

நடிகர் மட்டும் உள்ள படத்தில் புவியீர்ப்பைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். முழுக் கார்ட்டூனிலும் பெரிய தொல்லை இல்லை. அங்கே பூனை மலை விளிம்பைத் தாண்டி ஓடி, கீழே பார்த்த பிறகு விழுந்தாலும் நாம் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்கிறோம். இரண்டையும் ஒரே சட்டத்தில் வைக்கும்போதுதான் வம்பு. பக்கத்தில் நிஜச் சிறுவனின் சட்டை காற்றில் ஆடுகிறது. கண் அதைப் பார்த்துவிட்டு, அதே கடிகாரத்தை வைத்துப் பழத்தையும் அளக்கிறது.

கடிகாரம் என்றதும் இன்னொரு கோளாறு நினைவுக்கு வருகிறது. படம் முழுக்கக் கிளி இலேசாக நொண்டிக்கொண்டே பறந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. திரையரங்குப் படம் நொடிக்கு 24 படச்சட்டம். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் 12 சித்திரம் போதும். இதை எங்கோ படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் 12 என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய கைப்பேசி நொடிக்கு 30 சட்டம் எடுத்தது. முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. அரைச் சட்டம் என்று ஒன்று உலகத்தில் இல்லையே! ஆகவே தொகுக்கும் நிரல், ஒரு சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்கும் அடுத்ததை மூன்று சட்டங்களுக்கும் மாற்றி மாற்றி நிறுத்தியது. நொண்டாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து எளியது. படம் எடுக்கும் முன்பே ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். கைப்பேசி 30 சட்டந்தான் எடுக்கும் என்றால், ஒரு சித்திரத்துக்கு மூன்று சட்டம், நொடிக்கு 10 சித்திரம் என்று வையுங்கள். 25 எடுக்க வசதி இருந்தால் ஒரு சித்திரத்துக்கு இரண்டு சட்டம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 25 சட்டம், 1/50 நொடி ஒளிபடும் நேரம் என்று வைத்தால் அந்தத் துடிப்பும் படத்தில் தெரியாது. இன்னொன்று: கைப்பேசிகள் பல, இருட்டான இடத்துக்குப் போனதும் நம்மைக் கேட்காமலே சட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். வெயிலடிக்கும் முற்றத்தில் 30 எடுத்த கருவி, பட்டாலைக்குள் நுழைந்ததும் 24க்கு இறங்கலாம். எண்ணிக்கையை மாறாமல் பூட்டிவைக்கும் காமிரா நிரல்கள் உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் எல்லாக் காட்சிகளையும் முதலில் ஒரே சீரான எண்ணிக்கைக்கு மாற்றிவிட்டுத் தொகுப்பைத் தொடங்குங்கள்.

இங்கே சற்று நின்று பாடப்புத்தகத்தோடு ஒரு சண்டை போட்டுவிடுகிறேன். படம் நகர்வது போலத் தெரிவதற்குக் காரணம் விழித்திரையில் பிம்பம் சிறிது நேரம் தங்குவதுதான் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. அது மட்டுமே காரணமானால், அடுத்தடுத்த பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பித்தானே தெரிய வேண்டும்? 1912இல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், அருகருகே மாறி மாறித் தோன்றும் இரண்டு நிலையான கோடுகளைக்கூட நாம் நகரும் ஒரு பொருளாகக் காண்கிறோம் என்று காட்டினார். நகர்ச்சியைக் கட்டுவது மூளை. இடைவெளிகளை அதுதான் நிரப்புகிறது. இந்தச் செய்தி நம் வேலைக்கு மிகவும் உதவும். எப்படி என்று சொல்கிறேன்.

மூளை சித்திரத்துக்கும் சித்திரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டுமா நிரப்புகிறது? காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே உள்ளதையும் நிரப்புகிறது. சோவியத் நாட்டின் லெவ் குலெஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்துபார்த்த சோதனை புகழ்பெற்றது. ஒரே நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், பிறகு ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். முகம் மாறவில்லை, ஒட்டிய இடம் மாற மாறப் பார்ப்பவர் காணும் உணர்ச்சி மாறியது.

நம் படத்தில் கிளி வளவைச் சுற்றிப் பறக்கும் இடத்துக்கு மட்டும் 180 சித்திரங்கள் வரைந்தோம். பதினைந்து நொடி! என்ன செய்திருக்க வேண்டும்? கிளி நிலையிலிருந்து கிளம்புவது, ஒரு நொடி. அடுத்து சிறுவனின் முகம். அவன் கண்கள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. அடுத்து வெயில் விழுந்த தரையில் ஒரு நிழல் கடக்கிறது. இறக்கைச் சத்தம். தூணின் பின்னாலிருந்து ஓர் இறகு விழுகிறது. பிறகு கிளி உத்தரத்தில் வந்து உட்காருவது, ஒரு நொடி. வரைய வேண்டியது இரண்டே நொடி. மீதி எல்லாம் நிஜம். பறவை பறந்தது பார்ப்பவரின் தலைக்குள். இப்படி வெட்டுவது சோம்பேறித்தனம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 15 நொடி நொண்டிப் பறந்த கிளியைவிட, கண்ணில் படாமல் பறந்த இந்தக் கிளி உயிரோடு இருக்கும்.

நிழலை அட்டையில் வெட்டி வெயிலில் பிடித்தே எடுத்துவிடலாம். ஆனால் ஒரு நுணுக்கம். சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அதன் அகலம் ஏறக்குறைய அரை பாகை. ஆகவே நிழலின் விளிம்பு எப்போதும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதில் ஏறத்தாழ 108இல் ஒரு பங்கு அந்த மங்கலின் அகலம். 5 மீட்டர் உயரத்தில் பறக்கும் கிளியின் நிழலுக்கு நான்கரை சென்டிமீட்டர் மங்கல் விளிம்பு உண்டு. தரைக்கு அரை மீட்டர் மேலே பிடித்த அட்டைக்கு அரை சென்டிமீட்டர்கூட இராது. அதனால் அட்டையைத் தாழ்வாகப் பிடித்துக் கூர்மையான நிழலை எடுத்தால், ஏதோ தரையை ஒட்டி ஓடுகிறது என்றுதான் பார்ப்பவர் உணர்வார். மாடிக்குப் போய் நீளக் கம்பில் கட்டிப் பிடியுங்கள். கைப்பிடிச் சுவரை விட்டு எட்டிப் பார்க்காமல், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு!

வெயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. முற்றத்துக் காட்சிகளை ஒரு காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை எடுத்தோம். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. தாழ்வாரக் கூரையின் விளிம்பு 5 மீட்டர் உயரம் என்றால், உச்சிவேளையை ஒட்டி அதன் நிழல் நிமிடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் ஊர்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டருக்கும் மேல். எடுக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. தொகுக்கும்போது பதினொன்றே முக்கால் காட்சியின் அடுத்து பத்து மணிக் காட்சியை ஒட்டினோம். தூண்களின் நிழல்கள் தரையில் தாவின. கிளியின் நிழலோ எல்லாத் தாளிலும் ஒரே பக்கம் ஒரே நீளமாக விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு சூரியன், கிளிக்கு ஒரு சூரியன்! தொகுப்பு வரிசை முன்பே கையில் இருந்திருந்தால், அடுத்தடுத்து வரும் காட்சிகளை அடுத்தடுத்தே எடுத்திருப்போம். அந்தந்தக் காட்சியில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழலையும் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தால், வரைபவருக்கு நிழலின் திசையும் நீளமும் கிடைத்திருக்கும்.

முன்னே சொன்ன முயல் படத்தில் ஒரு காட்சி வரும். துப்பறிவாளரின் தலை பட்டுத் தொங்கும் விளக்கு ஆடத் தொடங்கும். விளக்கு ஆட ஆட முயலின் மேல் விழும் ஒளியும் நிழலும் சட்டத்துக்குச் சட்டம் மாறும். அத்தனையையும் கையால் வரைந்தார்கள். 1945இல் வந்த 'ஆங்கர்ஸ் அவே' என்ற படத்தில் ஜீன் கெல்லியோடு ஜெர்ரி எலி நடனம் ஆடுகிறது. பளபளக்கும் தரையில் எலியின் பிம்பமும் கூடவே ஆடுகிறது. நம் ஆத்தங்குடிக் கற்களும் புழங்கப் புழங்கப் பளபளப்பு ஏறுபவை. கிளி தரையில் நடந்தால் தலைகீழ்க் கிளி ஒன்றும் தரைக்குள் நடக்க வேண்டும். அவ்வளவு வரைய உங்களுக்கு நேரம் இல்லையா? கிளியைத் தரையில் இறக்காதீர்கள். உத்தரத்திலேயே இருக்கட்டும். இதுவும் தொகுப்பில் எடுக்க வேண்டிய முடிவுதான்.

நடிகரும் சித்திரமும் ஒரே சட்டத்தில் இருந்தால்தான் கலந்த படம் என்றும் இல்லை. மிருணாள் சென் 1969இல் எடுத்த 'புவன் ஷோம்' படத்திலும், சத்யஜித் ரே 1977இல் எடுத்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' படத்திலும் ராம் மோகன் உருவாக்கிய சித்திரப் பகுதிகள் உண்டு. அங்கே நிஜக் காட்சி முடிந்து சித்திரம் வரும்; சித்திரம் முடிந்து நிஜம் வரும். காமிராவால் எடுக்க முடியாததை, அல்லது கேலியாகச் சொன்னால் நன்றாக இருப்பதை மட்டும் சித்திரத்திடம் கொடுத்தார்கள். மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பெரும்பாலும் இந்த வழியைத்தான். ஒரே சட்டத்தில் சேர்ப்பதைப் படத்துக்கு ஒரு தடவை, கதை கேட்கும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் படத்தில் அது பழம் கையில் விழும் இடம்.

முன்கூட்டித் தொகுப்பது எப்படி? திரைத் துறையினர் இதை அனிமேட்டிக் என்பார்கள். பெயர்தான் பெரிது. ஒவ்வொரு சித்திரக் காட்சிக்கும் குச்சி உருவமாக ஒரே ஒரு கிறுக்கல் போடுங்கள். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, எத்தனை நொடி வர வேண்டுமோ அத்தனை நொடி நிறுத்திவையுங்கள். நிஜக் காட்சிகளை இடையிடையே சேருங்கள். பேச்சையும் இறக்கைச் சத்தத்தையும் நீங்களே வாயால் பதிவு செய்து ஒட்டுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த அசிங்கத்தை வீட்டில் நாலு பேரிடம் போட்டுக் காட்டுங்கள். கதை புரிகிறதா? எங்கே கொட்டாவி விடுகிறார்கள்? அங்கே வெட்டுங்கள். இந்தக் கட்டத்தில் வெட்டுவதற்குச் செலவு இல்லை. யாருடைய கைவலியும் அதில் இல்லை.

"எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்துவிட்டால், தொகுக்கும்போது திடீரென்று தோன்றும் புதுமைக்கு இடம் ஏது?" என்று என் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல தொகுப்பாளர்கள் எடுத்து முடித்த காட்சிகளுக்கிடையே எதிர்பாராத உறவுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. அதை நிஜக் காட்சிகளில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். கூடுதலாக நாலு காட்சி எடுங்கள். சித்திரக் காட்சியின் இரு முனையிலும் மூன்று நான்கு தாள்கள் அதிகமாக வரைந்துவைப்பதிலும் தவறில்லை. வெட்டு அப்படி இப்படி நகர இடம் இருக்கும். 396 தாள்களுக்கு அது எவ்வளவோ மேல்.

இன்னொருவர், "இப்போதுதான் கணினியிடம் சொன்னால் அதுவே வரைந்து கொடுத்துவிடுகிறதே" என்றார். கொடுக்கிறது. கேட்டால் இருபது கிளி கொடுக்கும். எந்தக் கிளி, எத்தனை நொடி, எந்தக் காட்சிக்குப் பின்னால் என்பதை யார் சொல்வது? தவிர, அந்தக் கிளி போடும் பழம் 1, 3, 5, 7 என்று விழுகிறதா என்பதையும் நீங்களே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

திரையீட்டுக்கு வராத மாணவியைச் சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வெட்டுப்பட்ட தாள்களைக் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். அதிலிருந்து ஒன்றை உருவி, "இது நல்லா வந்திருந்துச்சு சார்" என்றார். கிளி தலையைச் சாய்த்து அலகால் இறகைக் கோதும் படம். உண்மையிலேயே நன்றாக இருந்தது. படத்தில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

இந்த ஆண்டு அதே ஐந்து பேர் அதே கதையை மறுபடியும் எடுக்கிறார்கள். இந்த முறை முதலில் அனிமேட்டிக். கிறுக்கல் கிளியை வைத்துத் தொகுத்து, ஆச்சியிடம் போட்டுக் காட்டி, இரண்டு இடத்தில் வெட்டி, ஓர் இடத்தில் நீட்டியாயிற்று. நீட்டிய இடம் கிளி இறகைக் கோதும் இடம். அதற்கு மூன்று நொடி கொடுத்திருக்கிறார்கள். நொடிக்கு 10 சித்திரம் வீதம், மொத்தம் வரைய வேண்டியது 140 தாள்கள். பழம் விழும் எட்டுத் தாள்களில் ஓரத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருப்பதை நேற்றுப் பார்த்தேன். ஆறு முடிந்திருக்கிறது.